பானையில் ஜெயித்த மந்திரி

கைபேசி சிணுங்கியது. யாரோ ஒரு மந்திரி ராஜினாமாவாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் படித்த உத்திரமேரூர்ப் பள்ளியில் எங்களுக்குச் செய்தித்தாள் மறுநாள்தான் கிடைக்கும். தலைமையாசிரியர் வீட்டில் எல்லோரும் படித்த பிறகு, காப்பிக் கறையோடு குடிமையியல் வகுப்புக்கு வரும். ஒருநாள் அதில் ஒரு மந்திரி மேல் புகார். விலக வேண்டும் என்றான் ஏசுதாஸ். கூடாது என்றேன் நான். ஒரே பெஞ்சில் உட்காரும் நாங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டோம். குடவோலைக் கல்வெட்டு உள்ள ஊராயிற்றே! வாத்தியார் பானையை வைத்துச் சீட்டுப் போடச் சொன்னார். என் கட்சி ஜெயித்தது. ஏசுதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் டீக்கடையில் யாரோ அன்றைய தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். மந்திரி முந்தின நாளே விலகிவிட்டாராம். நாங்கள் அடித்துக்கொண்டபோது அவர் மந்திரியே இல்லை!

பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை விழுந்தது.

"வுடுடா," என்றான் ஏசுதாஸ். "பானையில நீ கெலிச்ச, பேப்பர்ல நான் கெலிச்சேன்."

மறுபடி கைபேசி. அவனேதான்.

"மந்திரி நியூஸ் பாத்தியா? இன்னாடா சொல்ற?"

"நாளைக்குச் சொல்றேன்," என்றேன்.