அப்பாவின் மூக்கு

கல்லூரியில் என்னை மெச்சாத ஆளில்லை. கரித்துண்டை எடுத்தால் போதும், எதிரே இருப்பவர் முகம் தாளில் வந்து நிற்கும். அந்தத் திமிரில்தான், சிற்பப் பிரிவில் அச்சு எடுக்கச் சொல்லிக்கொடுத்த வகுப்புகளுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டர் கரைப்பதும் ஊற்றுவதும் கொத்தனார் வேலை, நமக்கெதற்கு என்று நினைப்பு.

மூன்றாம் வருட விடுமுறைக்கு நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அப்பா ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. கடைசி நாளன்று, உடன் வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, வண்டியில் வீடுவரை கொண்டுவந்து விடுவது டவுன்ஷிப் வழக்கம்.

"அன்னைக்கு ஹால்ல என் தலையைச் செஞ்சி வை பாப்பா. படம் வரையறதுக்கா பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பினன்னு கேட்டவனுங்க எல்லாம் வந்து பார்க்கட்டும்" என்றார்.

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு பின்பக்கம் ஸ்டூலில் உட்காருவார். கண் சொக்கும். "தூங்கிட்டனா?" என்று அவரே கேட்டுக்கொள்வார். களிமண்ணில் முகம் வந்துவிட்டது, இடப்பக்கம் கொஞ்சம் கோணிய அந்த மூக்கு உட்பட. அம்மா பார்த்துவிட்டு, "ஐயையோ, அப்படியே முறைக்குதுடி" என்று சிரித்தாள்.

பிறகு அச்சு. களிமண் முகத்தின்மேல் பிளாஸ்டர் பூசி, இறுகியதும் இரண்டு பாதியாகப் பிரித்து, உள்ளே இருந்த மண்ணைத் தோண்டி எறிந்தேன். அந்தக் குழிக்குள் மறுபடி பிளாஸ்டர் ஊற்றினால் சிலை. அப்பா எட்டிப் பார்த்தார்.

"உள்ள எண்ணெய் கிண்ணெய் தடவலயா பாப்பா? ரெண்டும் ஒண்ணா புடிச்சிக்கினா எப்படிப் பிரிப்ப?"

"அப்பா, இது உங்க பெல்ட் இல்ல. இது ஆர்ட். சும்மா இருங்க."

அவர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஊற்றுவதற்கு முன் அச்சுக்குள் சோப்புக் கரைசலை மூன்று பூச்சு அடித்திருக்க வேண்டும். நான் போகாத வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். ஊற்றியது அச்சோடு ஒட்டிப்போனது. உளியால் தட்டத் தட்ட, எது அச்சு, எது முகம் என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. முதலில் பெயர்ந்து விழுந்தது மூக்கு. அப்புறம் ஒரு கன்னம். மறுநாள் அப்பாவுக்குக் கடைசி ஷிஃப்ட்.

மாலையும் சந்தனமுமாக அவரோடு வந்து இறங்கியவர்களில் ஒருவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "எங்கண்ணே சிலை? ஒரு மாசமா சொல்லிக்கினு இருந்தீங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அதை ஏன் கேக்குற! பொண்ணு அசலா செஞ்சி வெச்சிருந்திச்சி. நான்தான் துடைக்கிறேன்னு தூக்கிக் கீழ போட்டுட்டேன். கிரீஸ் கை இல்லையா, வழுக்கிடுச்சி."

"புள்ள உழைப்பையெல்லாம் பாழாக்கிட்டீங்களேண்ணே!" என்று ஆளாளுக்கு அவரைக் கிண்டல் செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இப்போது அச்சு எடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. மூன்று பூச்சு போதும் என்கிற இடத்தில் நான்கு அடிக்கிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து குறிஞ்சிப்பாடிக்கு வந்துவிட்டோம். பழைய ஆட்கள் யாராவது வந்தால் பேச்சு எப்படியோ அந்தச் சிலைக்கு வந்துவிடும். அப்பா வலது கையை விரித்துக் காட்டி, "இந்தப் பாழாப்போன கைதான்" என்பார்.

நான் டீ போட உள்ளே போய்விடுகிறேன்.