செட்டு நல்லாத்தான் இருக்கு

இப்போதெல்லாம் பாட்டுக்காரன் தனி ஆளாகவே வந்து இறங்குகிறான். தோளில் கிதார், கையில் சூட்கேஸ் அளவு ஒரு பெட்டி. திறந்தால் அதுவே ஸ்பீக்கர், அதுவே பேட்டரி. போன மாதம் காப்பிக் கடையில் ஒரு பையன் அப்படித்தான் பாடினான். நடுவில் குரல் கரகரத்தது. உடனே, “சாரி, பேட்டரி வீக்,” என்று சிரித்தபடி சொல்லிவிட்டு வேறு பேட்டரி மாற்றினான். கூட்டமும் சிரித்தது. எனக்குக் காப்பி இறங்கவில்லை. அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல என் வாய்க்கு ஒரு ஆயுசு போதவில்லை.

காஜா பெராங் என்ற ஊரில் மைக் செட் வைத்திருந்தவன் நான். இரும்பு மூலை அடித்த மரப்பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக், சத்தம் வெளியே வர ஒரு தகரக் குழாய், கார் பேட்டரி ஒன்று, ஒரு சுருள் ஒயர். அவ்வளவையும் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாகப் போய், பத்தே நிமிடத்தில் கட்டி முடித்துவிடுவேன். கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா என்று ஜப்பான் சண்டைக்கு முன்னால் நன்றாகவே ஓடியது. எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. ‘என் செட்டில் பாடினால் கழுதையும் பாகவதர்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஜப்பான்காரன் வந்த பிறகு கல்யாணமாவது, கச்சேரியாவது! செட்டைப் பறிமுதல் செய்வார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். பறிக்கவில்லை. செட்டோடு என்னையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ரப்பர் தோட்டங்களிலும் மலாய்க்காரர்கள் வாழும் கம்பங்களிலும் ஜனங்களைக் கூட்டி வைத்துப் பேச அவர்களுக்குக் குழாய் தேவைப்பட்டது. பேச்சுக்கு முன்னால் கூட்டம் சேர ஒரு பாட்டுக்காரர். அவர் பாட, நான் செட்டைப் பார்த்துக்கொள்ள, இன்று புக்கிட் ரம்பாய், நாளை பத்து பெரெண்டாம் என்று இரண்டு பேரும் சைக்கிளில் சுற்றுவோம். கூலி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் அரிசி, அப்புறம் ஒரு அட்டை. ஜப்பான் எழுத்தில் முத்திரை குத்திய அந்த அட்டை சட்டைப்பையில் இருந்தால் சயாம் காட்டில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு யாரும் பிடித்துப் போக மாட்டார்கள். அந்த நாளில் அட்டை இருந்தவன் மனுஷன், இல்லாதவன் லாரியில் ஏற்ற வேண்டிய சரக்கு.

என்னோடு சுற்றிய பாட்டுக்காரர் குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். வேறு ஆளைக் கொண்டுவா என்றார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவன் எங்கள் வீட்டு வரிசையில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். கரி மூட்டை தூக்குகிற வேலை. சின்ன ஆர்மோனியம் ஒன்று வைத்திருந்தான். அவன் பாடினால், சும்மா சொல்லக் கூடாது, சடக்கில் போகிற சைக்கிள் நிற்கும். இன்னொரு பழக்கமும் அவனுக்கு இருந்தது. மூட்டை தூக்கும்போது, குளிக்கும்போது, சுருட்டு பற்ற வைக்கும்போது வாய் தானாகப் பாடிக்கொண்டிருக்கும். பாடுவது அவனுக்கே தெரியாது. “யோவ், பாடுறியே,” என்றால், “நானா?” என்பான்.

அவன் பெண்சாதிக்கு அப்போது கால் வீங்கிக் கிடந்தது. மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று அந்த வீக்கம் ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது. நான் போய் விஷயத்தைச் சொன்னதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கும்பிட்டாள்.

“அண்ணே, அரிசி கெடக்கட்டும். அந்த அட்டைய மட்டும் இவருக்கு வாங்கிக் குடுத்துருங்க. பக்கத்து வரிசையில மூணு பேரப் புடிச்சிட்டுப் போய்ட்டானுங்க. இவரும் போயிட்டா நா என்னாண்ணே செய்வேன், இந்தக் கால வச்சிக்கிட்டு?”

“நீ கவலையே படாதம்மா. என் செட்டுல இவன் ஒரு பாட்டுப் பாடுனா போதும், ஜப்பான்காரனே தாளம் போடுவான்,” என்றேன். எவ்வளவு பெரிய வாய் பாருங்கள்!

அவன் பாடிக் காட்டும் சோதனைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு நாலு நாள் முன்னால் பேட்டரியை அவர்களே அவர்களுடைய பட்டறையில் முழுக்க சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். எந்த நாளில் ஏற்றியது என்று நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஆசிட்டுக்குத் தட்டுப்பாடு. ஊற்றுகிற தண்ணீருக்கும் தட்டுப்பாடு. பீங்கான் பேசினை முற்றத்தில் வைத்து மழைத் தண்ணீர் பிடித்துத்தான் பேட்டரியில் ஊற்றுவேன். அப்படிக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்ட பேட்டரியை நானே கெடுத்தேன்.

என் வீட்டில், காலி அரிசித் தகரத்துக்குள், ஜப்பான்காரனிடம் பதியாமல் ஒளித்து வைத்த ஒரு ரேடியோ இருந்தது. வெளிநாட்டு நிலையம் கேட்டால் தலை போகும் காலம். அந்த ரேடியோவும் கார் பேட்டரியில்தான் ஓடும். விளக்கு வைக்கும் நேரத்தில், கடிகாரம் மட்டும் ஜப்பான் நேரக் கணக்கில் எட்டு மணி காட்டும், கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். சண்டைச் செய்தி கேட்டேன் என்று சொன்னால் பெரிய வீரன் மாதிரி இருக்கும். சண்டை முடிந்ததும் சில பேரிடம் அப்படித்தான் சொல்லியும் திரிந்தேன். பொய். நான் கேட்டது பாட்டு. மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாள் பாடுவாள். கரகரவென்ற இரைச்சலுக்குள் அந்தக் குரல் வந்து வந்து போகும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூன்று நாள் மாலையும் உட்கார்ந்து கேட்டேன். பேட்டரி தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சோதனை அன்று காலை வழக்கம்போல் ஒரு துண்டுக் கம்பியைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் உரசிப் பார்த்தேன். பளிச்சென்று அடிக்க வேண்டிய பொறி சோம்பலாக வந்தது. எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், ஒரு பாட்டுக்கு வராதா என்று கட்டிக்கொண்டு கிளம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தெங்கேரா பக்கம் ஒரு திடல். அதிகாரி ஒருவன், மொழிபெயர்க்க நம்மாள் ஆபீஸ் கிராணி ஒருவர். இரண்டு பேரும் மைக் பக்கம் வரவேயில்லை. திடலின் அந்தக் கோடியில், மரத்தில் நான் கட்டிய குழாய்க்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஜனங்கள் கேட்கப்போவது குழாயைத்தானே, தொண்டையை இல்லையே. அதுதான் அவர்கள் சோதிக்கிற முறை.

நான், “ஹலோ, ஹலோ,” என்று தட்டிப் பார்த்தேன். கணீரென்று வந்தது. ஓய்ந்து கிடந்த பேட்டரி முதல் நிமிடம் அப்படித்தான் ஏமாற்றும். அவன் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு, கரி போகத் தேய்த்துக் குளித்த கையோடு உட்கார்ந்திருந்தான். கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தான். இரண்டு வரி அமிர்தம். அதற்குள் பெட்டிக்குள் வால்வு வெளிச்சம் மங்கியது. மூன்றாவது வரியில் குழாய் கரகரக்கத் தொடங்கியது. தகரத்தில் மணலைக் கொட்டுவதுபோல் வந்தது அவன் குரல்.

அவன் கண்ணைத் திறந்தான். அதற்கு முன் அவன் மைக்கில் பாடியதே இல்லை. தன் குரலை வெளியே நின்று கேட்பது அதுதான் அவனுக்கு முதல் தடவை. எதிரே குழாயிலிருந்து வருவதுதான் தன் நிஜக் குரல் என்று நினைத்துவிட்டான். பயந்துபோய்க் குரலை உயர்த்தினான். உயர்த்த உயர்த்தக் குழாய் இன்னும் பிளந்தது. இருமினான். ஆர்மோனியத்தில் விரல் தடுமாறியது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, எதையோ திருகுவதுபோல் திருகிக்கொண்டிருந்தேன். திருக ஒன்றும் இல்லை.

கிராணி நடந்து வந்தார். வந்தவர் அவனைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

“என்னாப்பா இது? ஆஹா ஓஹோன்னு சொல்லிக் கூட்டியாந்த. செட்டுல ஏதும் கோளாறா?”

நல்ல மனுஷன் அவர். வழி விட்டுத்தான் கேட்டார். ஆமாங்கய்யா, பேட்டரி இறங்கிப்போச்சு என்று சொல்லியிருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்லியிருப்பார். ஆனால் நாலு நாளைக்கு முன் முழுக்க ஏற்றிய பேட்டரி எப்படி இறங்கியது என்று நோட்டைப் புரட்டுவார்கள். வீட்டைச் சோதிப்பார்கள். அரிசித் தகரத்தைத் திறப்பார்கள்.

“செட்டு நல்லாத்தான் இருக்குங்கய்யா,” என்றேன்.

“அப்புறம் கொரலு ஏன் இப்படிக் கெடக்கு?”

அதோடு வாயை மூடியிருக்கலாம். “கரி மூட்டை தூக்குறவன்யா. கரித்தூளு தொண்டைக்கு ஏறியிருக்கும்,” என்றேன். அவனுக்கு எதிரிலேயே, அவன் காது கேட்கச் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னதும் நோயாளி பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். கிராணி வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார், அட்டை இல்லை என்றாகிவிட்டது. அவன் ஆர்மோனியத்தை மூடினான். திரும்பி வரும் வழி முழுக்க என் சைக்கிளைப் பின்னாலிருந்து அவன்தான் தள்ளினான். “மன்னிச்சிருங்கண்ணே. ஒங்க செட்டுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்,” என்று ஒரே ஒரு தடவை சொன்னான். எனக்கு முன்சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. லாரி வந்தது. நான் என் அட்டையை எடுத்து நீட்டினேன். என்னை விட்டுவிட்டு நாலு வீடு தள்ளிப் போனார்கள். அவன் பெண்சாதி கத்திய சத்தம் கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை. போவதற்கு முந்தின வாரமே அவன் ஆர்மோனியத்தைப் பழைய சாமான் சீனனிடம் போட்டுவிட்டுத் தவிடு வாங்கி வந்திருந்தானாம். அந்தத் தவிட்டுக் கஞ்சியைக் குடித்துத்தான் அவள் கால் வீக்கம் வடிந்து பிழைத்தாள். இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

சண்டை முடிந்து, போன பலர் வராத இடத்திலிருந்து அவன் வந்தான். எலும்பும் தோலுமாக, ஒரு காலில் ஆறாத புண்ணோடு. ஜப்பான்காரன் போய்விட்டான். ரேடியோ கேட்டதற்கு இனி யாரும் தலையை எடுக்கப்போவதில்லை. சொல்லியிருக்கலாம்தானே? சொல்லவில்லை. அவனை என் செட்டு வேலைக்கு வைத்துக்கொண்டேன். ஒயர் இழுக்க, குழாய் கட்ட. ஊரே, “பெரிய மனசுய்யா ஒனக்கு,” என்று பாராட்டியது. தூ! அந்தப் பாராட்டையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். முன்னே சொல்லாததற்குக் காரணம் உயிர்ப்பயம். பின்னே சொல்லாததற்கு என்ன காரணம்? பெரிய மனசுக்காரன் என்ற பெயர் போய்விடுமே என்பதுதான்.

அவன் பெண்சாதி ஒரு நாள் என்னிடம் வந்து நின்றாள். “பாடவே மாட்டேங்குறாருண்ணே. கேட்டா, கரி என் தொண்டையத் தின்னுருச்சுங்குறாரு. வீட்டுல அவரையும் அறியாம முணுமுணுக்குறப்ப நல்லாத்தாண்ணே இருக்கு. நா சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு.” சொல்கிறேன் என்றேன். எத்தனையோ நாள் அவனோடு உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் சோறு தின்றேன். சொல்லவில்லை.

கடைசியாக ஒரு கல்யாண வீடு. காஜா பெராங்கிலேயே, காலை நேரம். சடக்குக்கு அந்தப் பக்கம் தென்னை மரத்தில் குழாய் கட்டி, கிராமபோனில் ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ரெக்கார்டு முடிந்தது. ஊசி மாற்றக் குனிந்தேன். தாலி கட்டும் நேரத்துக்கு ஐயர் மந்திரம் சொல்வதற்காகப் பந்தலுக்குள் மைக்கை வைத்து ஏற்கெனவே திறந்து விட்டிருந்தேன். அன்றைக்குப் பேட்டரி புதுசு. அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மைக்குக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஒயரைப் பந்தல் காலோடு சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். கை வேலை செய்யச் செய்ய, வாய் தானாகப் பாடத் தொடங்கியது.

குழாயில் அந்தக் குரல் வந்தது. ஒரு பிசிறு இல்லை. பந்தலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சடக்கில் ஒருவன் சைக்கிளை விட்டு இறங்கி நின்றான். இரண்டு வரி போயிருக்கும். அவனும் கையை நிறுத்தித் தலையை நிமிர்த்தித் தென்னை மரத்தைப் பார்த்தான். அவன் வாய் நின்றதும் பாட்டும் நின்றது. எழுந்து, நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“யாருண்ணே அது பாடுனது?”

நீதான்டா என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் தெங்கேராத் திடலையும் சொல்ல வேண்டும், அரிசித் தகரத்தையும் சொல்ல வேண்டும்.

“ரெக்கார்டுப்பா,” என்றேன்.

“என்னா கொரலுண்ணே! இன்னொரு தடவ போடுங்கண்ணே அத.”

நான் ரெக்கார்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தேடினேன். அவன் குனிந்து பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து முடித்துவிட்டு, அது உடைந்துபோய்விட்டது என்று சொன்னேன்.