நடைபாதையில் ஒரு கல்

தாராவியில் என் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு எதிரே இட்லி விற்ற அக்கா அவர். ஒடிசலான உடம்பு, ஊருக்கே கேட்கும் குரல். ஞாயிறன்று சர்ச்சுக்குப் போகும்போது, நடைபாதையில் தன் இடத்தில் ஒரு கருங்கல்லை வைத்துவிட்டுப் போவார். எங்கள் தெருவில் கல் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். வேறு யாரும் கடை போட மாட்டார்கள்.

ஒரு ஞாயிறு அந்தக் கல்லைத் தூக்கிச் சாக்கடை ஓரம் போட்டார்.

“இடம் போயிரும்க்கா!” என்று கத்தினேன்.

“போட்டும். முட்டி போட்டு ஜெபம் பண்ணும்போதும் என் நெனப்பு இந்தக் கல்லுமேலதான் கெடக்கு. ஆண்டவரே, நீரே பாத்துக்கிடும்னு சொல்லிட்டு, இங்க கல்லையும் வச்சிட்டுப் போனா, நான் யார நம்புதேன்?”

மறுநாள் அங்கே ஒரு வடாபாவ் வண்டி நின்றது. அக்கா சாக்கடை ஓரம், வெயிலில், இட்லிப் பானையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“பாத்துக்கிட்டாராக்கும் ஒங்க ஆண்டவர்?”

அக்கா நிமிர்ந்து முறைத்தார். “இடத்தக் காப்பாத்தவா தம்பி நான் கல்ல எடுத்தேன்?”

அடுத்த ஞாயிறு, பக்கத்திலேயே கிடந்த அந்தக் கல்லைத் தொடாமல், பைபிளை இடுக்கிக்கொண்டு கிளம்பினார். அன்று கடையை மூடிய பிறகு, வழக்கம்போலப் பூட்டை இழுத்துப் பார்க்க எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.