பந்தியிலிருந்து எழுப்பியவள்

குட்மேய்ஸில் எங்கள் தெருவில், வேண்டாத சாமானை முன்மதிலில் வைத்து 'விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு தாளை ஒட்டிவிடுவார்கள். ஹொலண்டிலிருந்து இந்த ஆங்கிலேய நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய விசித்திரம். வேலைசெய்கிற கோப்பி மெஷின், கீறல் விழாத குழந்தைக் கட்டில் எல்லாம் இரண்டு மூன்று நாள் மழையில் கிடக்கும். எடுப்பது கௌரவக் குறைச்சல். இப்போது உடைந்த மேசை விளக்கை வைத்துவிட்டுத் திரும்பிக் கதவைச் சாத்துவதற்குள் அது போய்விடுகிறது. வெள்ளைக்காரரும் எடுக்கிறார்கள், நாங்களும் எடுக்கிறோம். எடுக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பத்து வருசத்துக்குள் இப்படித் தலைகீழாகும் என்று யார் கண்டது? வீட்டு விலை ஏறிய காலத்தில் இந்த ஊரில் ஒருவருக்கும் தலைகால் தெரியவில்லை. பக்கத்து வீட்டு லிண்டாவின் புருஷன் சுவருக்குப் பூச்சு வேலை செய்பவன். வருசத்தில் இரண்டு தரம் ஸ்பெயினுக்குப் போய்ச் சிவந்து வருவார்கள். எங்கள் ஆக்கள் மட்டும் குறைந்தவர்களா? பெரியவளான பிள்ளையைச் சாமத்தியவீட்டுச் சடங்குக்குக் குதிரை வண்டியில் ஏற்றி ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் இறக்கினார்கள். எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு உபயகாரர் வரிசையில் நின்றார்கள், சாப்பிடத்தான் ஆளில்லை. நான் அங்கே சமைப்பவள். மிஞ்சிய சோற்றைக் கட்டிக்கொண்டு போகச்சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

பிறகு இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்று வாக்கெடுப்பு வந்தது. வெளியேற வாக்குப் போட்டதாக லிண்டா வேலிக்கு மேலால் சொன்னாள். என் முகம் மாறியிருக்க வேண்டும். "நீ இல்லை, லவ். மற்ற ஆட்கள்" என்று என் கையைத் தட்டினாள். இங்கே யாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐரோப்பியப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களை நிறுத்தத்தான் அந்த வாக்கு; நான் ஹொலண்ட் பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கியவள். அவள் சொன்ன மற்ற ஆட்கள் நான்தான். அது அவளுக்குத் தெரியாது. நானும் சிரித்துக்கொண்டு 'தேங்க் யூ' சொன்னேன். அந்த 'தேங்க் யூ'வை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளியேறி என்னத்தைக் கண்டார்கள்? லிண்டா வேலைசெய்த பெரிய துணிக்கடை பூட்டப்பட்டது. புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். ஜன்னலில் நாட்டுக் கொடி மட்டும் தொங்கியது. போன மாரிக் குளிரில் ஒருநாள் கடிதம் ஒன்று மாறி வந்ததென்று கொடுக்கப் போனேன். ஹீட்டருக்குக் காசில்லாமல் வீட்டுக்குள்ளே கோட்டும் தொப்பியும் போட்டபடி வெறும் பாண் துண்டைத் தின்றுகொண்டிருந்தாள். கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச் சொன்னேன். வந்தாள். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக அடுக்கி வைத்தாள், பந்தியில் எங்கள் கிழவிகளுக்கு நடுவே இருந்து கையால் சாப்பிட்டாள். அதிலிருந்து ஒரு வெள்ளியும் தவறவில்லை. வேறு சிலரும் வரத் தொடங்கினார்கள்.

அதுதான் கண்ணைக் குத்தியது. அரிசி விலை ஏறிவிட்டது, எங்கள் சனத்துக்கென்று கொடுப்பதை ஊரான் தின்கிறான் என்று நிர்வாகசபை கூடியது. இனி அங்கத்தவர் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும்தான் சாப்பாடு. தலைவர் சிவநேசன் அண்ணை இந்த நாட்டில் அகதியாக இறங்கியவர். முதல் மாசம் முழுக்கத் தேவாலயத்தில் கொடுத்த சூப்பைக் குடித்துக் கிடந்ததை அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். அந்த வாயால்தான் இதையும் சொன்னார். "அன்னதானத்துக்கு அட்டையா, அண்ணை?" என்று கேட்டேன். "சட்டமெண்டால் எல்லாருக்கும் சட்டம்தான், தங்கச்சி" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடுத்த வெள்ளி லிண்டா வழக்கம்போல வந்து பந்தியில் இருந்தாள். நான் தட்டில் சோறு போட்டுவிட்டேன். பின்னால் சிவநேசன் அண்ணை வந்து நின்றார்.

"இவவிட்டை அட்டை இல்லையெல்லோ. எழும்பச் சொல்லு."

"சாப்பிட்டிட்டுப் போகட்டும், அண்ணை. பந்தியில இருந்த ஆளை எழுப்ப ஏலாது."

"இண்டைக்கு விட்டால் நாளைக்கு நாப்பது பேர் வருவினம். உன்ர பக்கத்து வீட்டுக்காரிதானே, நீயே சொல்லு."

பந்தியில் இருந்தவரை எழுப்புவது எங்கள் சனத்தில் எதிரிக்கும் செய்யாத காரியம். நான் செய்தேன். குனிந்து, நல்ல ஆங்கிலத்தில், மன்னிப்பும் சேர்த்து மொழிபெயர்த்தேன். முடியாது, நீங்களே சொல்லுங்கோ என்று கரண்டியை எறிந்திருக்கலாம். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. லிண்டா பிசைந்த சோற்றை அப்படியே விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

அவள் வாசலைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ரோசம் வந்தது. இன்னொரு தட்டில் சோற்றையும் பருப்பையும் அள்ளிக்கொண்டு வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன். மழை தூறியது. பஸ் நிறுத்தத்துக்குக் கிட்ட அவளைப் பிடித்துத் தட்டை நீட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

"வேண்டாம், லவ். அவர் சொன்னது நியாயம்தானே. முதலில் சொந்த ஆட்களைத்தான் பார்க்க வேண்டும். நான் எப்போதும் அதைத்தான் சொல்கிறேன்."

மனத்தாங்கல் இல்லாமல் சொன்னாள். என் தோளைத் தட்டிவிட்டு நடந்தாள். பின்னால் கோயில் வாசலில் நின்று சிவநேசன் அண்ணை, "தங்கச்சி, சனம் பார்த்துக்கொண்டிருக்கு, உள்ளுக்கு வா" என்று கூப்பிட்டார். அவளுக்கும் அவருக்கும் ஒரே நியாயம். இரண்டு பேருக்கும் சொந்த ஆட்கள் யாரென்று தெரியும். அவளுக்குப் பின்னால் போகவும் கால் எழவில்லை, உள்ளே திரும்பவும் எழவில்லை. தட்டை ஏந்தியபடி நடைபாதையில் நின்றேன், மழை சோற்றில் விழுந்துகொண்டிருந்தது.