அம்மாவின் விரல் ஏமாந்த கதை

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகளே நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். சைக்கிளே இரண்டோ மூன்றோ இருந்த எங்கள் பாலக்கரைத் தெருவில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அது கன்னங்கரேலென்று நின்றது. ஓடிய காலம் கொஞ்சம், நின்ற காலம்தான் அதிகம்.

அத்தா, அதாவது எங்கள் அப்பா, பினாங்குக்குக் கப்பல் ஏறுவதற்கு முன், யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எங்களை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் வரை போவார். பின்சீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை உண்டு; அதற்குப் பின்னால் அம்மா. பாலத்தின் நடுவே வந்ததும் அத்தா வண்டியை மெதுவாக்கிக் கையைப் பின்னால் நீட்டித் திரையை விலக்குவார். "பாரு, தண்ணி எப்படிப் போகுது" என்பார். அம்மா ஆற்றையும், அக்கரையில் தென்னை மரங்களுக்கு மேலே தெரியும் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களையும் கண் கொட்டாமல் பார்ப்பாள். எங்கள் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்.

"ரெண்டே வருஷம், வந்துடறேன். வண்டியைப் பார்த்துக்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருஷம் நாலானது. மாதாமாதம் வந்த கடிதம் பெருநாளுக்குப் பெருநாள் என்றாகி, ஒரு பெருநாளைக்கு அதுவும் வரவில்லை. அம்மா மட்டும் கொட்டகைச் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

அத்தாவின் தம்பி, எங்கள் சின்னத்தா, தோல் மண்டியில் பாடுபட்டு எங்களுக்கும் சேர்த்துச் சோறு போட்டார். தங்கமான மனுஷர், ஆனால் சரியான அவசரக்குடுக்கை. ஒருநாள் சமையல்கட்டு வாசலில் நின்று, "மதினி, வண்டி துருப்பிடிச்சுப் போறதுக்குள்ள குடுத்துடுவோங்க. அண்ணன் வந்தா புதுசாவே வாங்கிக்கட்டும்" என்றார். வீட்டுக்குச் சம்பாதிக்கிறவர் சொல்கிறார், அம்மா என்னவென்று மறுப்பாள்? அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை, அவ்வளவுதான்.

தொட்டியத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கார் தேடுகிறார், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. அப்போதுதான் சின்னத்தா காரை நன்றாகப் பார்த்தார். பக்ரீத்துக்கு வாங்கிக் கொட்டகையில் கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு பானெட்டின் மேல் ஏறி நின்று உலகத்தை வேடிக்கை பார்த்திருந்தது. நெடுகக் குளம்புக் கீறல். அதற்குள் அந்தக் கிடா பிரியாணியாகிவிட்டதால் திட்டுவதற்கும் ஆள் இல்லை.

சின்னத்தா மதுரை ரோட்டுக் கடைக்குப் போய் இரண்டு டப்பா பசை வாங்கி வந்தார். காம்பவுண்டு என்பார்கள், ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் கீறல் மறைந்து பளபளப்பு வரும். கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்: ஒன்று கரகரப்பு, பம்பரில் இருக்கும் துருவுக்கு மட்டும், அதைப் பழைய பெயிண்டில் வைத்தால் பெயிண்டையே தின்றுவிடும். இன்னொன்று மை போல இருக்கும், மெதுவாகத்தான் வேலை செய்யும், பெயிண்டுக்கு அதுதான். சின்னத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மொத்தப் பீப்பாயிலிருந்து அள்ளிக் கொடுத்த, சீட்டு ஒட்டாத இரண்டு மொட்டை டப்பாக்களையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இரண்டும் ஒரே மண் நிறம். எது எதென்று மறந்துபோயிற்று.

தொட்டுப் பார்த்தார். மண்டியில் தோல் பதனிடும் சுண்ணாம்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறி மரத்துப்போன விரல்கள் அவருடையவை. மணலும் மாவும் அவற்றுக்கு ஒன்றுதான். "மதினி, நீங்க பார்த்துச் சொல்லுங்க. உங்க விரலுக்குத் தெரியாததா" என்று டப்பாக்களை நீட்டினார்.

அவர் சொன்னது முகஸ்துதி இல்லை. எங்கள் தெருவில் எந்தக் கல்யாண விருந்துக்கு மசாலா அரைத்தாலும் ஒரு உருண்டை எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உரசிப் பார்த்து, "இன்னும் ரெண்டு இழுப்பு இழுக்கணும்" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அம்மா முதல் டப்பாவைத் தொட்டு உரசினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டாவதைத் தொட்டாள். மறுபடி முதலாவதைத் தொட்டாள். மசாலாவுக்குக்கூட அவள் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கார் போய்விட்டால் அத்தா வந்து எதில் எங்களைப் பாலத்துக்குக் கூட்டிப்போவார் என்பதுதான் என் கவலை.

"இதுதான் மையா இருக்கு" என்று அம்மா ஒரு டப்பாவை நகர்த்தினாள்.

சனிக்கிழமை முழுக்கச் சின்னத்தா தேய்த்தார். கிடாவின் கீறல் நாலே இழுப்பில் மாயமானது. "பார்த்தியா புள்ள, உங்கம்மா விரலு" என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டு கதவு, மட்கார்டு எல்லாவற்றையும் ஆவேசமாகத் தேய்த்தார். மற்ற டப்பாவால் பம்பரைத் தேய்த்தபோது மட்டும் துரு அசையவே இல்லை. இருட்டும்போது நிறுத்தினார்.

விடிந்ததும் வெளிச்சத்தில் பார்த்தால், வளைவுகளிலும் விளிம்புகளிலும் கறுப்பு போய், அடியில் பூசியிருந்த செங்காவி திட்டுத் திட்டாக இளித்துக்கொண்டிருந்தது. சின்னத்தா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறைக்க நேரமில்லை, தொட்டியத்துக்காரர் வந்துவிட்டார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கறுப்புக் காருன்னு சொன்னாங்க. இதென்னங்க, தேமல் பிடிச்ச மாதிரில்ல இருக்கு?" என்றார். "பொண்ணை இதுல ஏத்தி அனுப்பினா சம்பந்தி வீட்ல சிரிப்பாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

அம்மா என்னிடம் நன்னாரி சர்பத் கொடுத்தனுப்பினாள். அவர் குடித்துவிட்டு, "சர்பத் நல்லா இருக்கு, போயிட்டு வரேங்க" என்று கிளம்பினார்.

சின்னத்தா அம்மாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மதினி விரலே ஏமாந்துபோச்சுன்னா பாத்துக்குங்களேன்" என்று ஊரெல்லாம் வியந்து சொன்னார். தெருப்பெண்கள் வந்து அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கார் தப்பித்ததில் சந்தோஷமாகவும் இருந்தது. விற்கும் பேச்சு அதோடு அடங்கிவிட்டது.

அத்தா வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை, என் கல்யாணத்துக்கும் வரவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகும் காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம், முன்னாலிருந்து ஒரு கை நீண்டு வராதா என்று மனசு ஏங்கத்தான் செய்கிறது. எனக்கே இப்படியென்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

கார் தப்பித்த அந்த வருஷத்திலிருந்தே, வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அம்மா கொட்டகையைத் திறப்பாள். மீந்துபோன இன்னொரு டப்பாவிலிருந்து ஒரு துளி பசை எடுத்துப் பின்கதவை மட்டும் மெல்ல, வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். செங்காவித் திட்டு அப்படியே இருக்கும். மிச்சமிருந்த கறுப்பு கண்ணாடியாக மின்னும். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"ஏம்மா, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு. இதுதான் மைன்னு இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தினம் அம்மியில அரைக்கிறவளுக்கு அது தெரியாமப் போயிடுமா?" என்றாள்.

சரிதான் என்று தலையாட்டிவிட்டு, நான் தெருவுக்குப் பாண்டி ஆட ஓடிவிட்டேன்.