மூன்றாவது லைனின் கோபம்

பனியன் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர் வேலை என்பது, அடுத்தவர் மனக்கஷ்டத்தைக் கேட்டுத் தலையாட்டுவதற்காக மாதச் சம்பளம் வாங்குவது. ஆட்டி ஆட்டி எனக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. இந்த வேலையில் இருக்கும் சக பாவப்பட்ட ஜீவன்களுக்குத் தெரியும். காலையில் ஒருத்தி வந்து அழுவாள், அவள் சொல்வதுதான் நியாயம் என்று தோன்றும். மத்தியானம் அவளால் அழுதவள் வருவாள், அதுவும் நியாயமாகவே இருக்கும். சாயங்காலம், நம் நியாயம் எது என்று நமக்கே தெரியாமல் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவோம்.

எனக்கு இதோடு இன்னொரு வியாதியும் உண்டு. எதிர்காலத்தில் உலகம் எப்படி நாசமாகப் போகும் என்று சொல்லும் நாவல்களாகத் தேடிப் படிப்பேன். அவற்றில் எப்போதும் ஓர் ஊர் இருக்கும். ஊர் மொத்தமும் ஒரே மாதிரி யோசிக்கும், ஒருத்தன் மட்டும் வேறு மாதிரி உணர்ந்து தொலைப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒருத்தன் பக்கம். போன மகளிர் தினத்துக்கு எங்கள் கம்பெனியில் நாடகம் போடச் சொன்னார்கள். அதை ஒட்டி நடந்த சிலவற்றைச் சொல்கிறேன். யார் பக்கம் நிற்க வேண்டும் என்று நீங்களாவது கண்டுபிடித்தால் சரி.

முதலாளிக்குப் பிடித்த ஊர்

சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் மகளிர் தினத்துக்கு வருகிறார்கள், பாட்டும் டான்ஸும் பார்த்துச் சலித்துவிட்டார்கள், புதிதாக ஏதாவது செய்யுங்கள் என்றார் முதலாளி. விடுவேனா? என் நாடகக் கதையைச் சொன்னேன். வருங்காலத்தில் ஓர் ஊர். எல்லோருக்கும் ஒரே நிற உடுப்பு. தினமும் காலையில் ஒலிபெருக்கி, இன்று மகிழ்ச்சி, இன்று வருத்தம் என்று அறிவிக்கும். ஊரே அதைத்தான் உணர வேண்டும். கல்யாணம், சாவு, காதல் எதற்காகவும் யாரும் வேலையை விட்டு எழுந்து போகக் கூடாது. அந்த ஊரில் ஒருத்திக்கு மட்டும் தப்பான நாளில் அழுகை வந்துவிடுகிறது.

முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்து கேட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பாத நேரம் அது. நான் கதையை முடித்ததும் அவர் முகத்தில் ஓர் ஏக்கம் தெரிந்தது. பயந்து போயிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“ஏனுங்க மேடம், அந்த ஊர்ல ஆள் பத்தாக்கொறைங்கிற பேச்சே இருக்காதுங்களே?”

லைனுக்கு மனசு சரியில்லை

நடிப்பதற்கு எங்கள் தையல் ஹாலின் மூன்றாவது லைனைத் தேர்ந்தெடுத்தேன். லைன் என்றால் வரிசையாகப் போட்ட மெஷின்கள். ஒருத்தி தோளை மூட்டி அடுத்தவளிடம் தள்ளுவாள், அவள் கையை வைத்து அடுத்தவளிடம் தள்ளுவாள், கடைசியில் முழு டீ-சர்ட்டாகச் செக்கிங் மேஜைக்கு வரும். நடுவில் ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அவளுக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். செக்கிங் மேஜையில் நிற்பவர் சரோஜாக்கா. பக்கத்து அருள்புரத்துக்காரர். லைனுக்கு வாயும் காதும் அவர்தான்.

துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இருப்பவள் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கமிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் புருஷன் முருகேசன் இன்னொருத்தியோடு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். அன்று லைன் மொத்தமும் மெஷினை நிறுத்திவிட்டு அழுதது. மறுநாளிலிருந்து யாரும் அழவில்லை, பேச்சியையும் அழ விடவில்லை. ஒருத்தி அவளுக்குச் சோறு கட்டி வந்தாள். ஒருத்தி தன் ரூமில் இடம் கொடுத்தாள். அவளுக்குக் கை ஓடாத நாட்களில் முன்னும் பின்னும் இருந்தவர்கள் அவள் பீஸையும் சேர்த்துத் தைத்துத் தள்ளினார்கள். இதையெல்லாம் பேச்சியைக் கேட்டுத்தான் செய்தீர்களா என்று சரோஜாக்காவிடம் ஒருமுறை விசாரித்தேன்.

“அவளுக்கு மனசு சரியில்லைன்னா லைனுக்கு மனசு சரியில்லைன்னுதானுங்க அர்த்தம். இதுல அவளை எதுக்குங்க கேக்கோணும்?”

இன்று மகிழ்ச்சி

ஒலிபெருக்கி வேஷம் ஒடிசாவிலிருந்து வந்த சுனிதாவுக்கு. தமிழ் அரைகுறை, ஆனால் குரல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். சாப்பாட்டு ஹாலில் முதல் ஒத்திகை. அவள் “இன்று மகிழ்ச்சி” என்று முழங்கியதும் எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். “இன்று வருத்தம்” என்றதும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். எவ்வளவு பயங்கரமான ஊர் பார்த்தீர்களா என்று கேட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எது பயங்கரம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று எனக்கும் புரியவில்லை. சுனிதாதான் இரக்கப்பட்டு எனக்கு விளக்கினாள்.

“மேடம், இது நல்ல ஊர். காலைல சொல்லுது, நாம அப்படி இருக்குது. இங்கே யாரும் சொல்லாது. நாமே யோசிக்குது, தலைவலி வருது.”

கல்லாக நிற்பது எப்படி

கதாநாயகி வேஷத்துக்குப் பேச்சி என்று லைனே முடிவு செய்தது. அழுகிற வேஷம், அவளுக்குத்தான் பழக்கம் என்றார்கள். அவள் மேடையின் ஓரமாகப் போய்த் தனியாக அழ வேண்டும். ஊரார் கல் மாதிரி நிற்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. அவள் முந்தானையை வாயில் வைத்து முதல் விசும்பல் விசும்பியதும், ஊரார் மொத்தமும் இடத்தை விட்டு ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி தலையைத் தடவினாள். இன்னொருத்தி முருகேசனைத் திட்டத் தொடங்கினாள். என் நாடகத்தில் முருகேசனே கிடையாது.

உங்களுக்கு உணர்ச்சியே கிடையாது, யாரும் அசையக் கூடாது என்று தொண்டை வறளக் கத்தினேன். சரி சரி என்று தலையாட்டினார்கள், மறுபடியும் ஓடிவந்தார்கள். மூன்றாவது தடவை சரோஜாக்கா என்னை ஓரமாகக் கூட்டிப் போனார்.

“நாங்க கல்லாட்டம் நிக்கறமுங்க, அதுக்கென்ன. மொதல்ல அவளை அழுவாம இருக்கச் சொல்லுங்க.”

வராத கோபம்

ஒத்திகைகள் நடந்துகொண்டிருக்கும்போதே முருகேசன் வந்து சேர்ந்தான். கம்பெனிக்கு எதிர் டீக்கடையில் பையும் கையுமாக நின்றான். அந்த இன்னொருத்தி அவனை விட்டுப் போய்விட்டாளாம். வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிறானாம். பேச்சியைக் கூட்டிப் போக வந்தானாம். பேச்சிக்குத் தெரியும் முன்னால் லைனுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். அவனோடு போகக் கூடாது, பேசக் கூடாது, பார்க்கவும் கூடாது. சாயங்காலம் பேச்சியை நடுவில் விட்டுச் சுற்றி நடந்து கம்பெனி வேனில் ஏற்றினார்கள். முருகேசன் எக்கி எக்கிப் பார்த்தான். தெரிந்ததெல்லாம் சரோஜாக்காவின் முதுகுதான்.

மறுநாள் பேச்சி என் அறைக்கு வந்தாள். வெல்ஃபேர் ஆபீசராக எனக்கு லைன் சொல்வதுதான் சரியென்று பட்டது. விட்டுப் போனவனை எதை நம்பி மறுபடி சேர்ப்பது? நான் படித்த நாவல்களைக் கேட்டால் அவள் மனசுதான் பெரிது, ஊர் யார் முடிவு செய்ய? இரண்டு பக்கமும் தலையாட்டத் தயாராக உட்கார்ந்தேன். அவள் யோசனை கேட்க வரவில்லை. வேறொன்று கேட்டாள்.

“அவிய எல்லாத்துக்கும் அவரு மேல கோவம் கோவமா வருது மேடம். எனக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்கு? நானும் வந்த மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரியுதேன்.”

கடைசிக் காட்சிக்கு ஒரு மனு

நாடகத்தின் முடிவில் கதாநாயகி ஊரின் வாசலைத் தாண்டித் தன்னந்தனியாக வெளியே போகிறாள். அதை மாற்றச் சொல்லி சரோஜாக்கா வந்தார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊரோடு சேர்ந்துகொள்ளட்டும், பார்க்கிறவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றார். அப்படி முடித்தால் நாடகமே செத்துவிடும் என்றேன். ஒருத்தியின் மனசை ஊர் முடிவு செய்யக் கூடாது என்று சொல்லத்தானே எழுதியிருக்கிறேன் என்று கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். எழுந்திருக்கும்போது சொன்னார்.

“கதையில போறவளுக்கு யாரும் சோறு போட வேண்டியதில்லீங்க. நெசத்துல போயிட்டு மறுக்கா கண்ணீரோட வந்து நின்னா நாங்கதானுங்க பாக்கோணும்.”

மகளிர் தினம்

மேடையில் சிவப்புக் கம்பளம், முன்வரிசையில் முதலாளி, பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள். ஒலிபெருக்கி முழங்கியது, ஊர் பல்லைக் காட்டியது, பேச்சி அழுதாள். ஒருத்தியும் அசையவில்லை. ஒத்திகையில் ஒரு தடவைகூட வராத காட்சி அன்று அச்சாக வந்தது. கடைசியில் அவள் “என் மனசுக்கு ஊர் உத்தரவு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, துணியில் செய்த வாசல் பக்கம் போகாமல் மேடைப்படி இறங்கினாள். கூட்டத்தின் நடுவே நடந்து, ஹாலைத் தாண்டி, நிஜ கேட்டைத் தாண்டிப் போனாள். எதிர் டீக்கடையில் அன்றும் முருகேசன் நின்றிருந்தான். உள்ளே கைதட்டல் அடங்கவே இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். முதலாளி பெருமை தாங்காமல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் மேடையைப் பார்த்தேன். சரோஜாக்காவின் கண் வாசலிலேயே இருந்தது. கால் மட்டும் நகரவில்லை, லைனில் வேறு யார் காலும் நகரவில்லை. நாலு எட்டு வைத்திருந்தால் அவளைப் பிடித்திருக்கலாம். வெளி ஆட்கள் முன்னால் கம்பெனி மானம் போகக் கூடாதென்று நின்றார்களா, நாடகம் கெடக் கூடாதென்று நின்றார்களா, போகட்டும் என்றே விட்டார்களா, எனக்கு இன்றும் தெரியாது. திரை விழுந்ததும் ஓடிப்போய் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

“நீங்கதானுங்களே அசையக் கூடாதுன்னு சொன்னீங்க.”

வெள்ளகோவிலிலிருந்து

அதன் பிறகு மூன்றாவது லைன் என்னோடு பேசவில்லை. நான் ஹாலுக்குள் போனால் அத்தனை தலையும் ஒரே நேரத்தில் குனியும். பேச்சியின் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்றும் ஒரு தீர்ப்பு ஆகியிருந்தது. அவள் மெஷினில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்தாள், அவளோடும் யாரும் சிரித்துப் பேசவில்லை. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நாவலில் என்றால் கதாநாயகி வாசலைத் தாண்டியதும் புத்தகம் முடிந்துவிடும். அவள் போன இடத்தில் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று யாரும் எழுதுவதில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பேச்சியே போன் செய்தாள். அடிக்கிறானா என்று கேட்டேன், இல்லை என்றாள். குடிக்கிறானா, இல்லை. சம்பளம் கொடுக்கிறானா, கொடுக்கிறான். அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கிறது என்றேன். தறிச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து சொன்னாள்.

“நல்லாத்தான் வச்சிருக்காரு மேடம். இப்பத்தான் எனக்குக் கோவம் வருது. இங்க நான் கோவப்பட்டா நான் ஒருத்திதான் கோவப்படணும், கூட யாருமே இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை வேன்

இதை சரோஜாக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று குழம்பினேன். சொன்னால் பேச்சி தோற்றுப்போனது மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் அவள் அங்கே ஒற்றையாய்க் கிடப்பாள். சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போது அக்காவே என் அறைக்கு வந்தார். பின்னால் லைன் மொத்தமும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கம்பெனி வேன் வேண்டுமாம், மேனேஜரிடம் நான் கேட்டுத் தர வேண்டுமாம். எந்தக் கோயிலுக்கு என்றேன். கோயிலுக்கில்லை, வெள்ளகோவிலில் பேச்சி எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வர என்றார்கள். அவளுக்குப் பிடித்த எலுமிச்சைச் சோறு செய்வது யார் என்றுகூடப் பேசி முடித்திருந்தார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தன் மனசுப்படி போனாள், கடைசியில் ஊர் அதை ஏற்றுக்கொண்டது, என் நாடகம் ஜெயித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்படியானால் உங்கள் கோபமெல்லாம் தீர்ந்துவிட்டதா அக்கா என்று கேட்டேன். சரோஜாக்கா ஒரு தடவை திரும்பி லைனைப் பார்த்தார். லைன் இல்லை என்று தலையசைத்தது.

“அதெல்லாம் எங்கீங்க தீர்றது? அத்தனை பேரும் கோவமாத்தானுங்க போறோம்.”

ஒருத்தியின் மனசு ஒருத்திக்கே சொந்தம் என்று நாடகம் எழுதிய நான், அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு வேனில் ஏறும்போது எனக்குள் இருந்தது கோபமா சந்தோஷமா என்பதை, சரோஜாக்காவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.