எந்தப் பதிலுக்கும் ஒரு படிப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், ஒரு கல்லூரிக்கு ஆள் சேர்ப்பவர் தாண்டிக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். மலைப்பாதையில் ஜீப் குலுக்கியதில் முகம் வெளிறியிருந்தது. டை மட்டும் கோணவில்லை. எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியில் படிந்த பனியை டை நுனியால் துடைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"என்னம்மா பிடிக்கும்?" என்று என் மகளைக் கேட்டார்.

"ஜீப் ரிப்பேர் படிக்கணுங்க. ஐ.டி.ஐ.ல சேரப் போறேன்."

"அருமை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்."

"இல்லேன்னா அப்பாகூட காப்பித் தோட்டம் பாப்பேன்."

"அதுக்கு அக்ரி இன்ஜினியரிங் இருக்கே."

"எனக்குக் காலேஜே வேணாங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே பி.பி.ஏ. வச்சிருக்கோம்."

பெண்பிள்ளைக்கு ஜீப் எதற்கு என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஐ.டி.ஐ.யே படிக்கட்டுங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "ஐ.டி.ஐ. முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசம் சேரலாம். அப்பறம் இன்ஜினியரிங். நான் காத்திருக்கேங்க" என்றார்.

மகள் ஐ.டி.ஐ. முடித்து இப்போது வத்தலக்குண்டில் ஒரு ஜீப் பட்டறையில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவரிடமிருந்து அவளுக்கு வாழ்த்து வந்துவிடுகிறது. எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் அந்தத் தேதி தெரியாது.